கடலைக் காட்டினீர்கள், குக்கரைக் காட்டவில்லை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டி, அதை விடுமுறைக்கு வாடகைக்கு விடும் அன்பர்களுக்கு,

வீடு பனையூரிலோ கானாத்தூரிலோ கோவளத்திலோ இருக்கிறது. சாவி மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் ஆணியில் தொங்குகிறது. அந்த வகையில் உங்களில் பாதிப் பேர் எனக்கு அக்கம்பக்கத்தார்தான். "சவுக்குத் தோப்புக்கு நடுவே யார் போய்க் குடியிருப்பார்கள்" என்று சொந்தக்காரர்கள் சிரித்த காலத்தில் இரண்டு கிரவுண்டு வாங்கிப் போட்ட அப்பாக்களின் பிள்ளைகள் நீங்கள். மனை இருந்தது, சாலை வந்தது, வீடு எழும்பியது. வருஷத்தில் பத்து நாள்கூட நீங்கள் எட்டிப் பார்க்காத அந்த வீட்டில் மற்ற நாட்களில் எங்களைப் போன்றவர்கள் வந்து தங்குகிறோம்.

எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் என் அண்ணன் குடும்பம், தி.நகரில் என் நாத்தனார் குடும்பம், அடையாறில் நாங்கள். மொத்தம் பதின்மூன்று பேர். மூத்தவர் என் மாமியார், வயது 82. கடைக்குட்டிக்கு இரண்டரை. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று கார்களில் கிளம்பி, இரண்டு ராத்திரி கடலோரம் தங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்புவது ஒன்பது வருஷப் பழக்கம். இதுவரை ஏழு வீடு பார்த்துவிட்டோம். ஏழிலும் கடலைக் குறை சொல்ல முடியாது. அது உங்கள் ஏற்பாடு இல்லை என்பதால் அதற்காக உங்களைப் பாராட்டவும் முடியவில்லை.

போன வருஷம் போன வீட்டின் சமையலறை அலமாரியைத் திறந்தேன். கால் நீண்ட கண்ணாடிக் கோப்பைகள் இருபத்துநாலு. ஐஸ் போட ஒரு வாளி. கறி சுட ஓர் இரும்பு அடுப்பு, அதற்குக் குத்தூசி மாதிரி கம்பிகள். கீழ்த்தட்டில் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, கேஸ்கெட் இல்லாமல். வெயிட்டையும் காணோம். பதின்மூன்று பேருக்குச் சோற்றைச் சின்னப் பாத்திரத்தில் நாலு ஈடாக வடித்தோம். முதல் ஈடு சாப்பிட்டவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது கடைசி ஈடு கொதித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேனிடம், "அண்ணே, பெரிய பாத்திரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "பார்ட்டிக்கு வர்றவங்க எல்லாம் வெளியில ஆர்டர் பண்ணிருவாங்கம்மா. சமைக்கிறவங்க யாரும் இங்க வர்றதில்ல" என்றார்.

சமைக்கிறவர்கள் வராததால் பாத்திரம் இல்லையா, பாத்திரம் இல்லாததால் சமைக்கிறவர்கள் வருவதில்லையா? உங்கள் விளம்பரத்தில் "குடும்பங்களுக்கு ஏற்ற இல்லம்" என்றுதான் போட்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி வரும் இளவட்டங்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு சோபாவும் ஸ்பீக்கரும் போதும், எந்த வீடும் ஏற்றதுதான். குடும்பம் அப்படி இல்லை. அது ஒரு வீட்டின் எல்லா மூலையையும் இரண்டே நாளில் தொட்டுப் பார்த்துவிடும். சொந்தக்காரர் தன் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரியாவது அங்கே தங்கியிருக்கிறாரா இல்லையா என்பது எங்களுக்கு முதல் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

பாத்திரப் பிரச்சினை ரங்கநாதன் தெருவுக்கு ஒரு நடை போய் வந்தால் தீரும். பத்து லிட்டர் குக்கர் ஒன்று, ஐந்து லிட்டரில் ஒன்று, இரண்டுக்கும் உபரி கேஸ்கெட். இட்லிப் பானை. தேங்காய் துருவி. ரசத்துக்கும் சாம்பாருக்கும் இரண்டு பெரிய அடுக்கு. மிக்ஸி வேண்டும், கிரைண்டர் வேண்டாம். மாவு இப்போது சாலையோரக் கடைகளிலேயே பாக்கெட்டில் கிடைக்கிறது. தோசைக்கல் இரும்பில் இருக்கட்டும், ஆனால் விருந்தாளி கிளம்பியதும் நல்லெண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கடல் காற்று அடுத்த வாரத்துக்குள் அதில் செம்மண் பூசிவிடும். பிறகு, காபி ஃபில்டர். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் கடலுக்கு மேல் சூரியன் வந்துவிடும். அந்த நேரத்தில் மொட்டை மாடியில் டவரா டம்ளரோடு நிற்பதற்காகத்தான் என் அண்ணன் பாதி வாடகையைக் கொடுக்கிறான். நீங்கள் வைத்திருந்தது பொடி கலக்கும் இரண்டு சாஷேயும் ஒரு மின்கெட்டிலும்.

தண்ணீருக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன்.

கடலோர போர்வெல் தண்ணீர் உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். உப்பு மட்டும் இல்லை, கடினமும்கூட. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து இறுகிவிடும். பத்து விசில் விட்டாலும் சாம்பாரில் முழுப்பருப்பு மிதக்கும். சோப்பு நுரைக்காது. டீ கறுத்துப்போகும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் பதின்மூன்று பேருக்கு இரண்டு நாளில் 130 லிட்டர். இருபது லிட்டர் கேனில் ஏழு. நாங்கள் போன வீடுகளில் அதிகபட்சம் பார்த்தது இரண்டு. ஒரு வீட்டில் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீர் கேன் தேடி என் மருமகன் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில்தான் நெம்மேலி. அங்கே 2013 முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. தண்ணீர் குழாயில் நகரத்துக்குப் போகிறது, நகரத்திலிருந்து வந்த நாங்கள் கேனைச் சுமக்கிறோம்.

ஏழு கேன் வைக்கச் செலவு ஒன்றும் பெரிதில்லை. வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டோம். கேனைத் தூக்கிக் கவிழ்க்க முதுகு இல்லாதவர்களும் வருவார்கள். குழாய் வைத்த ஸ்டாண்டோ, கேனில் பொருத்தும் கைப்பம்போ வையுங்கள். குளிக்க லாரித் தண்ணீர் வாங்கி சம்ப்பில் நிரப்புகிறீர்கள் என்றால் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள், சிக்கனம் எங்களுக்குப் புதிதில்லை. தலையில் ஷாம்பு போட்ட பிறகு தெரிவதுதான் கஷ்டம்.

இந்தச் சாலை வருவதற்கு முன்னால், மாமல்லபுரம் போகிறவர்கள் பக்கிங்ஹாம் கால்வாயில் படகு ஏறினார்கள். 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டி இணைத்த கால்வாய் அது. அன்றைய ஆளுநரின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. படகில் போகிறவர்கள் அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் வழிப்போக்கருக்காகச் சத்திரம் கட்டியவர்கள் முதலில் கிணறு வெட்டினார்கள், அப்புறம் திண்ணை போட்டார்கள், அண்டா வாங்கி வைத்தார்கள். உங்கள் கட்டட நிபுணர் முதலில் என்ன வரைந்தார் என்று எனக்குத் தெரியாது. நீச்சல் குளமாக இருக்கலாம்.

மீன் விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. சில வீடுகளில் "அசைவம் சமைக்கக் கூடாது" என்று பலகை. வாசலில் கடல், எதிரே குப்பம், காலையில் படகிலிருந்து வலையோடு இறங்கும் சங்கராவும் நெத்திலியும், ஆனால் அடுப்பில் ஏற்றக் கூடாது. வேறு சில வீடுகளில் எல்லாமே ஒரே பாத்திரத்தில் நடந்திருக்கும். என் மாமியார் குக்கரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார். பிறகு இரண்டு நாளும் தயிரும் வாழைப்பழமும்தான். எங்கள் கூட்டத்திலேயே இரண்டு கட்சியும் உண்டு, அதனால் சொல்கிறேன்: தடை வேண்டாம், தனி அடுக்கு போதும். கொல்லைப்புறத்தில் ஒரு மேடை, ஒரு ஸ்டவ், மீன் கழுவ ஒரு தொட்டி, பக்கத்தில் குழாய், பூனை நுழையாத கம்பிக் கதவு. அந்தப் பக்கத்துப் பாத்திரங்களின் கைப்பிடியில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு. இவ்வளவில் மூன்று தலைமுறையின் சண்டை முடிகிறது. ஒரே ஒரு வீட்டில் இப்படிப் பார்த்தேன். அந்த வீட்டம்மா யாரென்று தெரியாது, கும்பிட்டுக்கொண்டேன்.

படுக்கை. மூன்று அறை, மூன்று பெரிய கட்டில், மூன்று ஏ.சி. என்று வைத்திருக்கிறீர்கள். பதின்மூன்று பேரில் பதினோரு பேர் ஹாலில்தான் படுப்போம். அதற்குத்தானே வந்தோம்! விளக்கணைத்த பிறகு நடக்கும் பேச்சுக்காக வருகிற கூட்டம் இது. பத்துக் கோரைப் பாய், நாலு பவானி ஜமுக்காளம், ஆளுக்கொரு தலையணை இருந்தால் கட்டிலை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். மெத்தை கடலோர ஈரத்தில் பூசணம் பிடித்து வாடை வரும். பாயை அரைநாள் வெயிலில் போட்டால் முடிந்தது. ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், இரும்பு வலை வேண்டாம், நைலானில் அடியுங்கள். ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்தால் ராத்திரி வரும் காற்று இருக்கிறதே, அது உங்கள் வீட்டின் உண்மையான ஆடம்பரம். கொசுவுக்குப் பயந்து ஒன்பது வருஷத்தில் இரண்டே முறைதான் அதை அனுபவித்திருக்கிறோம்.

குளியலறையில் மழைபோலக் கொட்டும் ஷவர், கண்ணாடித் தடுப்பு, வழவழவென்று கறுப்பு டைல்ஸ். வாளி இல்லை, குவளை இல்லை. 82 வயதுக்காரர் ஈரக் காலோடு அந்தக் கறுப்பு டைல்ஸில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சொரசொரப்பான தரை, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி, வாளி, குவளை. இவ்வளவுதான் கேட்கிறேன். அதைவிட முக்கியம், கடலிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன்பே மணலைக் கழுவ வாசலில் இரண்டு குழாய், ஒன்று பெரியவர் உயரத்தில், ஒன்று குழந்தையின் முட்டியளவில். அது இல்லாத வீட்டில் மணல் முழுவதும் குளியலறை நானி டிராப்பில் இறங்கி அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும், அப்புறம் பிளம்பரைத் தேடுவீர்கள். மொட்டை மாடியில் நாலு வரிசை நைலான் கொடி கட்டிவிடுங்கள், கிளிப்போடு. கிளிப் இல்லாமல் காயப்போட்ட என் அண்ணியின் புடவை பக்கத்துத் தோப்பில் கிடைத்தது.

துருவைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும், வருஷா வருஷம் செலவழிப்பவர் நீங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பாரிமுனைக் கடையில் "எஸ்.எஸ்." என்று கொடுப்பது பெரும்பாலும் த்ரீ நாட் ஃபோர் ரகம். கடலுக்கு முகம் காட்டும் கீல், தாழ்ப்பாள், கைப்பிடிக்கு த்ரீ ஒன் சிக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்கும். விலை கூடத்தான், ஆனால் கடலைப் பார்த்த பால்கனிக் கதவு தாழ்ப்பாள் துருவேறி இறுகிக்கொண்டு, நாங்கள் உள்ளே நின்று கண்ணாடி வழியாகக் கடல் பார்த்த வருஷமும் ஒன்று உண்டு. சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுகளும் அதே உப்பைத்தான் சுவாசிக்கின்றன. ஈரக் கையோடு பிள்ளைகள் சுவிட்சைத் தொடும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வாடகைக்கு விடாதீர்கள். இருந்தால், அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி குழந்தைகள். விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் பெரிதாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு பல்லாங்குழி, ஒரு தாயக்கட்டை, மணல் அள்ள நாலு வாளி போதும். கேரம் போர்டு ஈரத்தில் வளைந்துவிடும். நான் கேட்பது வேறு. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது சம்ப் மூடியை. நம் ஊரில் கார் நிறுத்துமிடத்திலேயே சம்ப் இருக்கும், மேலே ஒரு லேசான தகர மூடி. அதற்குப் பூட்டு வேண்டும். நீச்சல் குளத்துக்கு வேலி வேண்டும், ஆஸ்திரேலியாவில் 1.2 மீட்டர் உயர வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். அங்கே சட்டம் சொல்கிறது, இங்கே நான் சொல்கிறேன். தண்ணீரில் மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. பத்தடி தூரத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. வேலி போட்டால் படத்தில் அழகு குறையும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் நாங்கள் தங்கவில்லை.

கடல் பக்கத்து கேட்டுக்குத் தாழ்ப்பாள் பெரியவர் தோள் உயரத்தில் இருக்கட்டும். நம் கரை சட்டென்று சரியும், அலை காலடியில் உடைந்து பின்னுக்கு இழுக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச்சின்னத்தின் முன் நாம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-ல் அந்தக் கடலில் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது அது. நீச்சல் தெரிந்தவர்களையும் இழுத்த கடல். அதனால் ஒரு மிதவை வளையம், முப்பது மீட்டர் கயிறு, வெளியே தெரியும்படி மாட்டி வையுங்கள். அன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்று குப்பத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதை வாட்ச்மேன் சொல்லட்டும். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பலகைக்கும் தெரியாது. சொறி மீன் கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றாதே, மணல் போட்டுத் தேய்க்காதே, கடல் தண்ணீரால் கழுவு, பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீர், வலி குறையாவிட்டால் டாக்டர் என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். கீழே 108, பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயர், வீட்டின் சரியான முகவரி. பதற்றத்தில் "ரிசார்ட் தாண்டி மூணாவது சந்து" என்று ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல முடியாது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, விடுமுறைக் காலம். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் சாலையைத் தாண்டி மேற்கே ஓட வேண்டும் என்பதை அதே காகிதத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த வருஷம் பிறக்காத பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள்.

தோட்டத்து விளக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஏழு வாரம் கழித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுதான் கடல் என்று நம்பி நடக்கும். 1988 முதல் மாணவர்கள் குழு ஒன்று நீலாங்கரையிலிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறது. நீங்கள் கடலைப் பார்க்க எரியவிடும் வெள்ளை ஃபோகஸ் விளக்கு அந்த நடையை வீணாக்குகிறது. தாழ்வாக, மஞ்சளாக, தரையை மட்டும் பார்க்கும் விளக்கு போடுங்கள். பதினோரு மணிக்கு அதையும் அணைக்கச் சொல்லுங்கள். நட்சத்திரம் தெரியும், எங்களுக்கும் அது லாபம்.

கடைசியாக வாட்ச்மேன் அண்ணன். கேன் கொண்டுவருகிறவர், மோட்டார் போடுகிறவர், பாம்பு வந்தால் அடித்துத் துரத்துகிறவர், ராத்திரி ஒரு மணிக்குச் சாவி தேடுகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. உங்கள் வீட்டில் ஓடும் ஒரே உபகரணம் அவர்தான் என்று சொன்னால் தவறாகத் தோன்றும், ஆனால் நீங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள். போன மே மாதம் அவர் மனைவி என் மாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், உள்ளே இருக்கும் குளியலறையை ஒரு நிமிஷம் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று. கேட் ஓரத்து அவர்கள் அறைக்குக் கழிப்பறை இல்லை. கூரை அஸ்பெஸ்டாஸ். ஃபேன் ஒன்று, அதுவும் சுற்றவில்லை. மூன்று ஏ.சி. ஓடும் வீட்டில்! அன்று மாமியார் என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன். அந்த அறையை முதலில் செய்யுங்கள், எங்கள் குக்கர் அப்புறம்.

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் அம்மாவையும், பேரனோ பேத்தியோ இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது ஒன்றும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உப்பு, கடுகு, தீப்பெட்டிகூட வேண்டாம். விருந்தாளிக்கு என்ன வைத்திருக்கிறீர்களோ அதிலேயே சனிக்கிழமை மத்தியானம் ஒரு பருப்பு சாம்பார் வையுங்கள். எது இல்லையென்று அம்மா கேட்கிறாரோ அதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டித் திரும்பும்போது நேரே தி.நகருக்கு வண்டியை விடலாம், ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு.

அடுத்த மே மாதத்துக்கு நாங்கள் இன்னும் வீடு முடிவு செய்யவில்லை. பதினாலு பேர். நாத்தனார் மகளுக்கு மார்ச்சில் குழந்தை பிறக்கப் போகிறது, தொட்டில் கட்ட உத்தரத்தில் ஒரு கொக்கி இருக்கும் வீடாகப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
அடையாறிலிருந்து உங்கள் வாடகைக்காரி

பி.கு.: உற்சாகத்தில் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய் ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்கி வைத்துவிடாதீர்கள். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். யாராவது ஒரு சின்னப் பையன் அதை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போவான். சொம்பை நானே கொண்டுவருகிறேன்.